சீனியர் டிராஃப்டைத் திருத்துகிறார், காரணம் சொல்வதில்லை. எப்படிக் கேட்பது?

விழுப்புரம்_வக்கீல்

எல்லாருக்கும் வணக்கம். பார் கவுன்சில்ல வக்கீலா என்ரோல் பண்ணி எட்டு மாசம் ஆகுது. ஊர் விழுப்புரம் பக்கம். எங்க குடும்பத்துல சாட்சி சொல்லக்கூட கோர்ட் படி ஏறினவங்க யாரும் இல்லை. இப்போ சென்னையில, ஹைகோர்ட்டுக்கு எதிர்ல ஒரு தெருவுல, சிவில் பக்கம் நல்ல பேர் உள்ள சீனியர்கிட்ட இருக்கேன். என்னோட சேர்த்து ஜூனியர் அஞ்சு பேர்.

காலையில காஸ் லிஸ்ட் (அன்னைக்கு விசாரணைக்கு வர்ற வழக்குகளோட பட்டியல்) பார்த்து டைரியில ஐட்டம் நம்பர் குறிக்கணும். வழக்குக் கட்டுகளை வரிசையா எடுத்து வைக்கணும். எந்த கோர்ட்ல எந்த ஐட்டம் ஓடுதுன்னு பார்த்து சீனியருக்குச் சொல்லணும், பாஸ் ஓவர் (வழக்கை அன்னைக்கே கொஞ்சம் தள்ளி எடுக்கச் சொல்றது) கேட்கணும், வாய்தா வாங்கணும். மதியம் கோர்ட் ஆபீஸ்ல இருக்கிற செக்‌ஷனுக்குப் போய், குறை இருக்குன்னு ரிட்டர்ன் ஆன பேப்பரை எடுத்துட்டு வரணும். சாயங்காலம் ஆபீஸ். இதெல்லாம் செய்ய எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேற. போன மாசம் ஒரு பாகப்பிரிவினை வழக்குல பிரதிவாதிக்கு எதிருரை எழுதச் சொன்னார். (விவரங்களை மாத்தித்தான் சொல்றேன்.) தங்கச்சி அண்ணன் மேல பாகம் கேட்டுப் போட்ட வழக்கு. நாம அண்ணனுக்கு. தங்கச்சி பணம் வாங்கிக்கிட்டு 1998ல தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுத்திருக்காங்க. மூணு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். மறுநாள் டைப்பிஸ்ட்கிட்ட இருந்து ஃபேர் காப்பி வந்தது. ஏழாவது பாராவையே காணோம். நாலு பாரா ஆளே மாறிப் போயிருக்கு. ஏன்னு யாரும் சொல்லலை. சார் வேகமா கையெழுத்துப் போட்டு அடுத்த கட்டை எடுத்துட்டார்.

எட்டு மாசத்துல என்னோட டிராஃப்ட் பதினொண்ணு இப்படி மாறியிருக்கு. எல்லாத்தையும் பழசு, புதுசுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சுப் பார்த்தேன். சிலது புரியுது, பலது புரியலை. சீனியர்கிட்ட போய் "ஏன் சார் எடுத்தீங்க"ன்னு கேட்டா எதிர்த்துக் கேட்கிற மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. ஊருக்கே திரும்பிடலாமான்னும் ஒரு யோசனை ஓடுது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கும்பகோணம்_27_வருடம்

தங்கச்சி, முதலில் ஒன்று. பதினொரு டிராஃப்டையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களே, அது எத்தனை பேர் செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் வக்கீல்கள் இல்லை. சீனியரின் குமாஸ்தா, முன்சீப் கோர்ட் தலைமை எழுத்தரான சிரஸ்தார், காப்பி செக்‌ஷனில் இருந்த ஒரு பெரியவர். பேப்பர் ரிட்டர்ன் ஆகி வரும்போது அதில் எழுதியிருக்கும் குறைகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பேன். கோர்ட் கட்டணம் எந்தப் பிரிவில், சொத்து விவரத்தில் நான்கெல்லை விட்டுப்போனது, வழக்குமூலம் (வழக்குப் போடும் உரிமை) எழுந்த தேதி சொல்லாதது. இரண்டு வருடத்தில் அந்த நோட்டு எனக்கு ஒரு பாடப்புத்தகம் ஆகிவிட்டது. செக்‌ஷனுக்குப் போவதை நீங்கள் குறைவாகச் சொல்லவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

செக் பணமாகாமல் திரும்பிய கேஸ் ஒன்றில் என் சீனியர் என்னைக் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. நோட்டீஸ் மார்ச் 3ஆம் தேதி எதிரிக்குச் சேர்ந்திருக்கிறது, புகார் தாக்கல் செய்யக் கடைசி நாள் எது? நான் வாயாலேயே கணக்குப் போட்டு ஏப்ரல் 18 என்றேன். "தாளில் எழுது" என்றார். சேர்ந்த நாளை விட்டு, எதிரி பணம் கட்ட 15 நாள், மார்ச் 18இல் முடிகிறது. 19ஆம் தேதி வழக்குமூலம் எழுகிறது. அந்த நாளையும் விட்டுவிட்டு, புகார் போட ஒரு மாதம். ஏப்ரல் 19. ஒரு நாள் முன்னால் போட்டால் நஷ்டமில்லையே என்று கேட்டேன். "பதினைந்து நாள் முடிவதற்கு முன்னால் போட்டால் புகாரே நிற்காது. ஒரு நாளை லேசாக எடுக்கிறவன் அதையும் செய்வான்" என்றார். அதற்குப் பிறகு எந்தக் கெடுவையும் தாளில் எழுதாமல் சொன்னதில்லை. அந்தப் பேச்சு ஐந்து நிமிடம்கூட இருக்காது.

இன்னொரு விஷயம். டாக்டருக்குப் படித்தால் ஹவுஸ் சர்ஜன் ஒரு வருடம். சி.ஏ.வுக்கு ஆர்ட்டிகிள்ஷிப். நமக்கு? 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தில் பயிற்சியும் தேர்வும் முதலில் இருந்தன. 1973 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 1995இல் ஒரு வருடப் பயிற்சி என்று விதி கொண்டுவந்தது. அப்படி விதி போட அதற்கு அதிகாரம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 1999இல் சுதீர் வழக்கில் ரத்து செய்தது. இப்போது இருப்பது அகில இந்தியப் பார் தேர்வு. அது புத்தக அறிவைப் பார்க்கும். கட்சிக்காரரிடம் என்ன கேட்பது, நீதிபதி முகம் சுளித்தால் எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் சீனியர் ஆபீஸ் ஒன்றில்தான் கிடைக்கிறது. அதனால்தான் உங்கள் கேள்வி எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

எழும்பூர்_கிரிமினல்

அண்ணா சொல்றது எல்லாம் சரி. ஆனா பசியோட நோட்டு எழுத முடியாது, அதையும் பேசணும்.

நானும் முதல் தலைமுறைதான். மூணு வருஷத்துல ரெண்டு ஆபீஸ் மாறினேன். முதல் ஆபீஸ்ல மாசம் நாலாயிரம், அதுவும் பண்டிகை வந்தா. திருவல்லிக்கேணியில ரூம் ஷேரிங், மெஸ், பஸ். வீட்டுல இருந்து பணம் வாங்கித்தான் வக்கீல் தொழில் கத்துக்கிட்டேன். வீட்டுல பணம் இல்லாதவன் என்ன செய்வான்? என் பேட்ச்ல என்னைவிட நல்லா பேசுறவன் ஒருத்தன் இன்னைக்கு லோன் ரெக்கவரி கம்பெனியில இருக்கான்.

2024 ஜூன்ல சென்னை ஹைகோர்ட் சொல்லி, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டுச்சு. சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல ஜூனியருக்கு மாசம் குறைஞ்சது 20,000, மத்த ஊர்ல 15,000. அதே வருஷம் அக்டோபர்ல பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் நகரத்துல 20,000, கிராமப்புறத்துல 15,000, மூணு வருஷத்துக்குன்னு பரிந்துரை பண்ணுச்சு. எனக்குத் தெரிஞ்ச ஜூனியர்ல அதை முழுசா வாங்குறவங்க ரெண்டே பேர். கத்துக்கொடுக்கிறதுல முதல் பாடம் சம்பளம்தான்னு நான் நினைக்கிறேன். ஒருத்தரோட நேரத்துக்கு மதிப்பு இருக்குன்னு சீனியர் ஒத்துக்கிற இடம் அது.

கும்பகோணம்_27_வருடம்

தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து முன்சீப் கோர்ட்டில் தொழில் செய்யும் நிறைய வக்கீல்களுக்கே மாதம் முடிந்தால் கையில் நிற்பது பெரிய தொகை இல்லை. அவர் பதினைந்தாயிரம் எங்கிருந்து தருவார்? கண்டிப்பாகத் தர வேண்டும் என்றால் ஜூனியரே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடுவார். அப்போது ஊர்ப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

எழும்பூர்_கிரிமினல்

அப்போ ஒருத்தரை மட்டும் வச்சுக்கட்டும் அண்ணா. தர முடியாதவர் அஞ்சு பேரை ஏன் வச்சுக்கணும்? அஞ்சு பேருக்குச் சம்பளமும் இல்லை, சொல்லிக்கொடுக்க நேரமும் இல்லை.

கும்பகோணம்_27_வருடம்

இதை ஒத்துக்கொள்கிறேன். என் ஆபீஸில் இப்போது இரண்டு பேர். மூன்றாவதாக ஒருவர் கேட்டு வந்தபோது இல்லை என்று சொன்னேன், வேறொருவரிடம் அனுப்பி வைத்தேன். அன்று மனது கஷ்டமாக இருந்தது. சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஹாஸ்டல்_கேட்_9மணி

நான் எட்டு வருஷமா பிராக்டிஸ்ல இருக்கேன். பெண்கள் சார்பா ஒண்ணு சொல்லணும். நம்ம ஆபீஸ்கள்ல உண்மையான பேச்சு நடக்கிறது ராத்திரி. ஆறு மணிக்கு சீனியர் வருவார், கட்சிக்காரங்க போக எட்டரை. அதுக்கப்புறம்தான் "நாளைக்கு அந்த கேஸ்ல என்ன சொல்லப் போறோம்"னு ஆரம்பிப்பார். அந்த நேரத்துல நான் ஹாஸ்டல் கேட் மூடுறதுக்குள்ள ஓடிக்கிட்டு இருப்பேன். கூட இருந்த ஆண் ஜூனியர்கள் பத்தரை வரைக்கும் உட்கார்ந்து கேட்டுட்டுப் போவாங்க. ரெண்டு வருஷத்துல எனக்கும் அவங்களுக்கும் இருந்த வித்தியாசம் புத்தியில இல்லை, அந்த ரெண்டு மணி நேரத்துல.

ஒரு நாள் துணிஞ்சு சார்கிட்ட சொன்னேன். அவர் அதை யோசிச்சதே இல்லை. மறுநாள்ல இருந்து காலை எட்டரைக்கு அரை மணி நேரம் கேஸ் பேச ஆரம்பிச்சார். கேட்டிருக்காட்டி கிடைச்சிருக்காது.

தங்கச்சி, ஆபீஸ் மாறுறதா இருந்தா அங்க ஏற்கனவே இருக்கிற பெண் ஜூனியர்கிட்ட தனியா பேசிட்டுப் போங்க. பெண் ஜூனியரே நிக்காத ஆபீஸ்னா ஏன்னு விசாரிங்க. பத்துப் பேருக்குக் குறைவா இருக்கிற ஆபீஸ்ல, பாலியல் தொல்லையை விசாரிக்கிற உள் புகார்க் குழு இருக்காது. ஆனா 2013 சட்டப்படி மாவட்ட அளவுல உள்ளூர்க் குழு இருக்கு, அங்க போகலாம். மத்தவங்களுக்காக அந்தச் சட்டத்தைப் படிக்கிற நாம, நமக்கும் அது இருக்குன்னு மறந்துடுறோம்.

நாலாம்_ஆண்டு_மாணவன்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் சார், மேடம். அஞ்சு வருஷப் படிப்புல மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் பண்ணணும். ஒரு வருஷத்துல தொடர்ச்சியா நாலு வாரத்துக்கு மேல கூடாது. நாலு வாரத்துல என்ன கத்துக்க முடியும்? போன முறை போன ஆபீஸ்ல முழுக்க ஜெராக்ஸ்தான்.

எழும்பூர்_கிரிமினல்

தம்பி, ஒரு டிரையல் கோர்ட் வக்கீல்கிட்ட போங்க. ஜெராக்ஸ் பக்கமே போகவேணாம். ஒரே ஒரு கேஸை எடுத்து எஃப்.ஐ.ஆர்.ல இருந்து கடைசி சாட்சி வரைக்கும் கட்டைப் படிங்க. அப்புறம் அதே கோர்ட்ல உட்கார்ந்து மத்தவங்க கிராஸ் (குறுக்கு விசாரணை) பண்றதைக் கேளுங்க. சாட்சி சொன்ன பதிலுக்கு அடுத்து வக்கீல் என்ன கேட்பார்னு நோட்டுல முன்கூட்டி எழுதுங்க. அவர் கேட்காம உட்கார்ந்துட்டார்னா, ஏன் உட்கார்ந்தார்னு அவர்கிட்டயே வராந்தாவுல போய்க் கேளுங்க. நான் கேட்ட யாரும் விரட்டினது இல்லை.

மதுரை_பெஞ்ச்

இழை முழுவதையும் படித்தேன். நான் மறுபக்கத்தில் இருப்பவள். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2004இல் வந்த சில வருடங்களில் தொழிலுக்கு வந்தேன், இப்போது நான்கு ஜூனியர்கள்.

தங்கச்சி, உங்கள் சீனியர் செய்வதை நானும் பல வருடம் செய்தேன். லிஸ்டில் முப்பது ஐட்டம் இருக்கும், சாயங்காலம் கட்சிக்காரர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு ஜூனியரின் டிராஃப்ட் கைக்கு வரும். உட்கார வைத்துச் சொல்ல அரை மணி ஆகும், நானே அடித்து எழுதினால் பத்து நிமிடம். பத்து நிமிடத்தையே தேர்ந்தெடுத்தேன். எனக்கும் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, அதனால் அதுதான் முறை என்று இருந்துவிட்டேன்.

என்னிடம் மூன்று வருடம் இருந்த ஒரு பெண் தனியாகப் போன பிறகு ஒரு வழக்கில் எதிர்த்தரப்பில் வந்தாள். அவள் போட்ட இடைக்கால மனுவைப் படித்தேன். பிரமாணப் பத்திரத்தில் மனுதாரருக்கு நேரடியாகத் தெரிந்ததையும் பிறர் சொல்லித் தெரிந்ததையும் பிரிக்காமல் கலந்து எழுதியிருந்தாள். அதே தவறை நான் அவளுடைய டிராஃப்டில் குறைந்தது பத்து தடவை சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறேன். அவள் அதைக் கற்றுக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது தவறு என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அன்று அந்த வழக்கில் எனக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆபீஸில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். ஜூனியரின் டிராஃப்டில் நான் போடும் திருத்தத்தை டைப்பிஸ்ட் ஏற்றக் கூடாது. எழுதியவரே ஏற்ற வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஏன் என்று அவரே எழுத வேண்டும். தெரியாவிட்டால் கேள்விக்குறி போட வேண்டும். சனிக்கிழமை மூன்று மணிக்கு கட்சிக்காரர் யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை. அந்தக் கேள்விக்குறிகளை மட்டும் எடுத்து உட்காருவோம். முதல் மாதம் தாள் முழுக்கக் கேள்விக்குறி. இப்போது ஒரு டிராஃப்டுக்கு இரண்டு, மூன்றுதான் வருகிறது. சில சமயம் என் திருத்தமே தேவையில்லாதது என்று தெரிய வரும், பழையபடியே விட்டுவிடுவோம்.

எனக்கும் வரவு உண்டு. 2024 ஜூலை 1ஆம் தேதி புதிய சாட்சியச் சட்டம் வந்தபோது, மின்னணு ஆவணத்துக்குப் பழைய சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழையே என் கை எழுதிக்கொண்டிருந்தது. ஒரு வருட ஜூனியர்தான் புதிய 63ஆம் பிரிவின் படிவத்தைக் கொண்டுவந்து, அது இரண்டு பகுதி, இரண்டாவது பகுதியை நிபுணர் தர வேண்டும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு குறிப்பிட வேண்டும் என்று காட்டினான். ஹாஷ் என்றால் என்ன என்று அவன்தான் எனக்கு விளக்கினான். சனிக்கிழமை உட்காரும் பழக்கம் இல்லையென்றால் அவன் வாய் திறந்திருக்க மாட்டான்.

ஆளுக்கு ஒரு சின்ன வழக்கும் கொடுத்திருக்கிறேன், நோட்டீஸ் முதல் தீர்ப்பு வரை அவர்களுடையது. நீதிபதி கேள்வி கேட்கும்போது ஜூனியர் திரும்பி என்னைப் பார்ப்பார். எழுந்துவிடாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றைக்கும் கஷ்டம்.

நீங்கள் எப்படிக் கேட்பது? "எனக்குச் சொல்லிக்கொடுங்க சார்" என்று கேட்காதீர்கள், அது பெரிய வேலையாகத் தெரியும். ஒரே ஒரு பாராவை எடுங்கள். உங்கள் வடிவம், அவருடைய வடிவம் இரண்டையும் ஒரே தாளில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கோர்ட்டுக்குப் போகும் அவசரத்தில் வேண்டாம். கடைசிக் கட்சிக்காரர் போன பிறகு, "இது எந்த இடத்தில் நம் கேஸைக் கெடுக்கும் என்று எனக்குப் புரியவில்லை" என்று கேளுங்கள். தன் கேஸைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாத வக்கீலை நான் பார்த்ததில்லை.

கம்பெனி_லா_சென்னை

நான் பெரிய நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். இங்கே சேர்ந்த அன்றே வழிகாட்டி என்று ஒரு சீனியரை நியமிப்பார்கள், படிவமும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணிக்கணக்கில் பில் போடும் இடத்தில், எனக்காகச் செலவிடும் நேரத்தை அவர் எந்தக் கட்சிக்காரர் கணக்கிலும் எழுத முடியாது. அதனால் எனக்குக் கிடைப்பது மூன்று மாதத்துக்கு ஒரு காபி. மதுரை மேடம் சொன்ன பென்சில் முறையை எங்கள் குழுவில் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

கும்பகோணம்_27_வருடம்

நானும் அதைக் குறித்துக்கொண்டேன் அம்மா. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று மறுபடி சொல்லிவிட்டது. பத்து வருட அனுபவம் உள்ள வக்கீலும் அதற்குச் சான்றிதழ் தரலாம், நீதிபதியின் மேலொப்பம் வேண்டும். இனி நிறைய பிள்ளைகள் நம் ஆபீஸ் படி ஏறுவார்கள். நாம் போடும் கையெழுத்துக்குப் பின்னால் மூன்று வருட வேலை உண்மையில் நடந்திருக்க வேண்டும்.

விழுப்புரம்_வக்கீல்

பத்து நாள் கழிச்சு எழுதுறேன். எல்லாருக்கும் நன்றி.

மதுரை மேடம் சொன்ன மாதிரியே செஞ்சேன். வியாழக்கிழமை கடைசிக் கட்சிக்காரர் போனதும் அந்த ஏழாவது பாரா தாளை எடுத்துட்டுப் போனேன். கை நடுங்குச்சு. சார் படிச்சுப் பார்த்துட்டு என்னை உட்காரச் சொன்னார். எட்டு மாசத்துல அவர் மேஜைக்கு எதிர்ல நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஏழாவது பாராவுல நான் எழுதியிருந்தது: "பிரதிவாதி ஒவ்வொரு ஆண்டும் வாதிக்கு அவர் பங்காக இரண்டு மூட்டை நெல் கொடுத்து வந்துள்ளார்." அண்ணன் நல்லவர்னு காட்டத்தான் எழுதினேன். சார் ஒரே கேள்விதான் கேட்டார். "1998லயே விடுதலை எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு ஆறாவது பாராவுல சொல்றோம். ஏழாவதுல பங்குன்னு சொல்றோம். எந்தப் பங்கும்மா?"

எனக்கு மூச்சு நின்னு போச்சு. அப்புறம் கேட்டார், "பங்குங்கற வார்த்தையைக் கட்சிக்காரர் சொன்னாரா, நீ போட்டியா?" என் குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது "வருஷா வருஷம் பொங்கலுக்கு ரெண்டு மூட்டை கொடுத்தனுப்புவேன்"னுதான். அண்ணன் தங்கச்சிக்குச் செய்யற பொங்கல் சீர். எங்க வீட்டுலயும் மாமா அம்மாவுக்குச் செய்யறதுதான். அதை நான், ஆங்கிலத்துல ஷேர், ஷேர்னு எழுதிப் பழகின கையால, பங்குன்னு எழுதிட்டேன்.

சார் அங்கேயே கட்சிக்காரருக்கு போன் போட்டு என்னையே பேசச் சொன்னார். சீர்தான்னு அவர் உறுதியாச் சொன்னார், கொடுத்தனுப்பின ஆள் பேரும் சொன்னார். "வாதி பக்கம் இதை எடுத்தா கிராஸ்ல பதில் நம்மகிட்ட இருக்கணும், எழுதி வை"ன்னார் சார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

மீதிப் பத்து டிராஃப்ட்டும் இருக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "வாரத்துக்கு ஒண்ணு கொண்டு வா. வியாழக்கிழமை"ன்னார். மத்த நாலு பேரும் வரலாமான்னு கேட்டேன், வரட்டும்னார். ஹாஸ்டல் கேட் விஷயத்தையும் சொல்லிட்டேன், ஏழு மணிக்கு வச்சுக்கலாம்னு ஒத்துக்கிட்டார். சம்பளத்தைப் பத்தி இன்னும் கேட்கலை. எழும்பூர் அண்ணா, அதையும் கேட்பேன்.

நாளைக்கு ரெண்டாவது டிராஃப்ட். தடையாணை மனு, மூணாவது பாரா.